தகரத்தடியில் ஒன்றேகால் மணி நேரம்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
22 ஜூன் 2025

முதலில், வார்டன் ஜெயபாய் அக்கா அவர்களுக்கு வணக்கம். விடுதிக்கு வரும் கடிதங்களை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள் என்று ஜெபமலரின் அம்மா சொன்னார்கள். நான் பெண்தான், பத்தாம் வகுப்பு வரை அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். கூட வரும் பார்சலில் ஆறு கருப்பட்டி இருக்கிறது. ஐந்துதான் அவளிடம் போய்ச் சேரும் என்றும் எனக்குத் தெரியும். பரவாயில்லை அக்கா.

எடீ ஜெபா,

போன் கூடாது என்று சொல்லும் விடுதியை எங்கேயடீ தேடிப் பிடித்தாய்? பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு பேனாவை இவ்வளவு நேரம் பிடித்தது இன்றைக்குத்தான். கை வலிக்கிறது. அந்த வலியையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்.

இங்கே பிளஸ் ஒன் தொடங்கிவிட்டது. நான் பயாலஜி. உன் இடத்தில் ஸ்ரீலட்சுமி உட்கார்கிறாள். நல்ல பிள்ளை, ஆனால் சிரிக்கும்போதுகூட மார்ஜின் விட்டுச் சிரிக்கிறாள். போன வாரம் மாடிப்படியில் 'ஈரப் பெயிண்ட், தொடாதீர்கள்' என்று மலையாளத்தில் ஓர் அட்டை எழுதி வைத்தேன். அந்தப் படிக்குப் பெயிண்ட் அடித்துப் பதினைந்து வருஷம் இருக்கும். மத்தியானம் வரை பள்ளிக்கூடம் முழுக்க, ஹெட்மாஸ்டர் உட்பட, பின்பக்கப் படியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பார்ப்பதற்கு நீ இல்லையே என்றுதான் இருந்தது. நீ இல்லாமல் செய்யும் குறும்பு உப்பில்லாத கஞ்சி.

உன்மேல் கோபமும் இருக்கிறது. ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினாய். நான் தம்பானூருக்கு ஓடி வந்தபோது நாகர்கோவில் பஸ்ஸின் புகைதான் எனக்குக் கையசைத்தது.

உன் நீல நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பத்திரமாக.

இப்படிக்கு,
எட்டு கிலோமீட்டர்கூடச் சுற்றாத
உலகு


வள்ளியூர்
29 ஜூன் 2025

அன்புள்ள உலகு,

கடிதமும் கருப்பட்டியும் கிடைத்தன. ஐந்து. ஜெயபாய் அக்கா உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்களாம், முதல் தடவை வார்டனாக, இரண்டாம் தடவை சும்மா. "இந்தப் பிள்ள கொஞ்சம் வாயாடியோ?" என்று கேட்டார்கள். கொஞ்சம் இல்லை அக்கா என்றேன்.

விழிஞ்ஞம் துறைமுகத்தில் சார வேலை முடிந்ததும் அப்பாவை அனுப்பிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். இப்போது காவல்கிணறு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சாரம் கட்டுகிறார். சொல்லாமல் வந்ததற்குக் காரணம் அவசரம் மட்டும் இல்லை. உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன், நீ அதற்கும் ஒரு ஜோக் சொல்வாய்.

நான் காமர்ஸில் சேர்ந்துவிட்டேன். திட்டாதே, முழுக்கப் படி.

நவம்பரில் நடந்ததைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். ஆறு குழாயில் ஈஸ்ட். மூன்று குழாயை ஒரு மணி நேரம் முப்பத்தேழு டிகிரியில் இளஞ்சூட்டில் வைத்து, அப்புறம் பத்து நிமிடம் ஐம்பது டிகிரியில் வைப்பது. மற்ற மூன்றும் நேராக ஐம்பதுக்கு. எல்லாவற்றையும் தட்டில் தடவி, இரண்டு நாள் கழித்து முளைத்த புள்ளிகளை எண்ணுவது. அதற்கு முன் மூன்று தடவை செய்து பார்த்தோம். இளஞ்சூடு பட்டது இருநூறை ஒட்டி வந்தது. நேராகப் போனது ஒன்பது, ஏழு, பதினொன்று. நீதான் பக்கத்தில் இருந்து எண்ணினாய். சாட்சி என்று கையெழுத்தும் போட்டாய்.

சயின்ஸ் மேளாவில் தட்டைத் திறந்தபோது இளஞ்சூடு பட்டது இருநூற்றாறு. நேராகப் போனது நூற்றெண்பத்து நான்கு. இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதே, இதில் நீ என்ன காட்டுகிறாய் என்று நடுவர் கேட்டார். நான் இரண்டு தட்டையும் மறுபடி எண்ணத் தொடங்கினேன். நம் சயின்ஸ் ஷிபு சார் நோட்டை வாங்கிப் பழைய கணக்கைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார், "இது நீ உண்டாக்கிய கணக்கல்லே?" குழாயை யாராவது தொட்டார்களா என்றும் கேட்டார். நான் இல்லை என்றேன். நீயும் இல்லை என்றாய்.

நான் பொய்க் கணக்கு எழுதவில்லை. ஆனால் ஏன் அப்படி ஆனது என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஏன் என்று சொல்ல முடியாதவள் சயின்ஸில் இருந்து என்ன செய்ய? ஜூலை முப்பத்தொன்று வரை குரூப் மாற்றிக்கொள்ளலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருக்கிறார்கள். நான் மாற்றப்போவதில்லை.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ஜெபமலர்


ஆரியசாலை
4 ஜூலை 2025

ஜெயபாய் அக்காவுக்கு: வாயாடி வணக்கம்.

எடீ மக்கு மலரே,

காமர்ஸா? அதில் வளர்வது எதுவும் உயிரோடு இருக்காதே. உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது? அடுப்பில் அரிசி போட்டால்கூட ஒவ்வொன்றும் எத்தனை டிகிரியில் வேகிறது என்று கேட்டவள் நீ. உன் கணக்கு டீச்சருக்கு இப்போதே என் அனுதாபம்.

ஒரு தட்டு தப்பிப்போனதற்காக ஒரு படிப்பையே விடுவார்களா? அன்றைக்கு லாப் தெர்மாமீட்டர் சோம்பேறித்தனம் பண்ணியிருக்கும். இல்லையென்றால் தண்ணீர்ச் சட்டி ஐம்பதைத் தொடாமலே தொட்ட மாதிரி நடித்திருக்கும். இல்லையென்றால் அந்த ஈஸ்டெல்லாம் விழிஞ்ஞம் ஈஸ்ட், வெயிலில் வேலை பார்த்துப் பழகியது. இப்படி ஆயிரம் இருக்கிறது. அதைப் போய் மனசில் வைத்துக்கொண்டு.

இங்கே மழை. அப்பாவின் கடையில் கருப்பட்டி மூட்டையெல்லாம் வேர்க்கிறது. அப்பா தளவாய் என்று படைத்தலைவன் பெயர் வைத்துக்கொண்டு ஓர் எலியோடு ஒரு வாரமாகப் போர் நடத்துகிறார். எலிதான் முன்னிலையில் இருக்கிறது.

குரூப்பை மாற்றிக்கொள். இது உத்தரவு.

உருண்டையான,
ஆனாலும் உறுதியான
உலகு


வள்ளியூர்
9 ஜூலை 2025

அன்புள்ள உலகு,

தெர்மாமீட்டர் சரியாகத்தான் இருந்தது. இரண்டு வைத்திருந்தேன், இரண்டும் ஐம்பது காட்டின. அது உனக்கும் தெரியும்.

இந்த ப்ராஜெக்டை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. துறைமுகத்தில் புதிதாக வருகிற ஆளை அப்பா முதல் நாளே முழு வெயிலில் சாரத்தில் ஏற்ற மாட்டார். முதல் நாள் கொஞ்ச நேரம், மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கூட, இப்படி ஒரு வாரம். "அரை அரையாத்தான் வேகவைக்கணும், ஒரேயடியா வச்சா கருகிருவான்" என்பார். ஒரு மேஸ்திரி கேட்காமல் தங்கபாண்டி என்கிற பையனை வந்த அன்றே மேலே ஏற்றி, அவன் மயங்கி விழுந்ததை நானே பார்த்தேன். சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். அவன் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டான். எனக்குத்தான் அது போகவில்லை. அந்த ஒரு வாரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தேடப்போய்த்தான் ஈஸ்டுக்கு வந்தேன்.

சூடு ஏறும்போது செல்லுக்குள் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முட்டை வெள்ளை வேகிற மாதிரி. செல்லுக்கு வடிவம் கொடுத்துத் தாங்கி நிற்கிற இழைகளும் சரியும், சாரம் சரிகிற மாதிரி. முன்னாலேயே கொஞ்சம் சூடு பட்ட செல் மட்டும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செய்து தயாராக வைத்திருக்கும். அவை ஓடிப்போய்க் குலைந்ததைப் பிடித்துக்கொள்ளும், ஒட்டியதைப் பிரிக்கும், மறுபடி மடித்து வைக்கும். நீதான் அதற்குக் கைத்தாங்கல் புரதம் என்று பெயர் வைத்தாய். நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

நேராக ஐம்பதுக்குப் போன குழாயில் அவ்வளவு செல் பிழைத்தது என்றால் அதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. அவையும் முன்னால் எங்கேயோ சூடு பட்டிருக்க வேண்டும். விழிஞ்ஞத்தில் எங்கள் அறைக்கு ஷீட் கூரை, உள்ளே கொதிக்கும். அதனால்தான் வெள்ளிக்கிழமையே ஆறு குழாயையும் உன் வீட்டில் தந்தேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புதுச் சர்க்கரைத் தண்ணீர் மாற்றியது நீ. நான் வந்து வாங்கும்போது மணி இரண்டு.

எட்டிலிருந்து இரண்டு வரை அவை எங்கே இருந்தன, உலகு?

ஜோக் வேண்டாம். எங்கே இருந்தன என்று மட்டும் எழுது.

ஜெபமலர்


ஆரியசாலை
13 ஜூலை 2025

ஜெபா,

எட்டிலிருந்து பன்னிரண்டே கால் வரை கீழ் அறையில், நீ சொன்ன இடத்தில், மண்பானைக்குப் பக்கத்தில்.

அப்புறம் மூன்று குழாயை எடுத்துக்கொண்டு கடைக்கு மேலே இருக்கிற பரணுக்கு ஏறினேன். மேலே தகரம் போட்ட பரண். கருப்பட்டி மூட்டைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். நீ வந்து மூன்று குழாயைக் காணோம் என்று அலறுவாய், நான் விடுகதை போட்டுப் போட்டு உன்னைக் கடை முழுக்கச் சுற்றவிடுவேன் என்பதுதான் திட்டம். முதல் விடுகதையை மிளகு டப்பாவில் எழுதிக்கூட வைத்திருந்தேன். நீ போன் பண்ணினாய். பஸ் கிடைக்கவில்லை, கோவளத்திலேயே நிற்கிறேன், இன்றைக்கு எல்லாம் கெட்டுப்போகும்போல என்றாய். குரல் ஒரு மாதிரி இருந்தது. பாவமாகிவிட்டது. மேலே போய் மூன்றையும் எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அப்போது மணி ஒன்றரை தாண்டியிருந்தது. நீ வந்தபோது நல்ல பிள்ளையாக எடுத்துத் தந்தேன். மிளகு டப்பாவில் இருந்த விடுகதையைக் கிழித்துப் போட்டேன்.

என் வாழ்க்கையில் நான் செய்யாமல் விட்ட ஒரே குறும்பு அதுதான். அதுதான் உன்னைக் கவிழ்த்தது. நான் எடுத்த மூன்றும் நேராக ஐம்பதுக்குப் போக வேண்டிய மூன்று. பச்சை மூடிகள் என்பதால் எடுத்தேன், கருப்பட்டி நடுவில் பச்சை அழகாக இருக்கும் என்று.

இதைவிடக் கேடான ஒன்றும் இருக்கிறது. மேளாவில் தட்டைத் திறந்ததுமே எனக்குப் பரண் ஞாபகம் வந்தது. உறுதியாகத் தெரியாது, ஆனால் வந்தது. சார் கேட்டபோது அரங்கத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றேன். ஒளித்துத் திரும்ப எடுத்துவிட்டால் தொட்ட கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. போன கடிதத்தில் தெர்மாமீட்டரைக் குற்றம் சொன்னது, தெரிந்தே சொன்ன பொய்.

ஒரு விஷயம் சொன்னால் கோபப்படாதே. இத்தனை வருஷம் நான் உனக்குச் சின்னச் சின்னச் சூடாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். டிபன் பாக்ஸில் சாக்பீஸ், பரீட்சை அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற புரளி. அதெல்லாம் சேர்ந்து நமக்குள்ளே கொஞ்சம் கைத்தாங்கல் புரதம் சேர்ந்திருக்கும் இல்லையா? இந்தப் பெரிய சூட்டையும் தாங்கும் இல்லையா?

உலகு


ஆரியசாலை
21 ஜூலை 2025

ஜெபா,

பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் நோட்டைப் பார்த்து முழுக்க மறுபடி செய்தேன். ஷிபு சாரிடம் போய் நவம்பரில் நடந்ததைச் சொல்லித்தான் லாப் கேட்டேன். சார், "அன்னு ஞான் சோதிச்சப்போ நீ எவிடெயாணு நோக்கி நின்னது?" என்றார், அன்றைக்கு அவர் கேட்டபோது நான் எங்கே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று. கூரையைப் பார்த்தேன் சார் என்றேன். சாவியைக் கொடுத்தார். சயின்ஸ் கிளப் செயலாளர் பலகையில் இருந்த என் பெயரை அவரே துணியால் துடைத்தார். ஸ்ரீலட்சுமி அழகாக எழுதுவாள்.

மழை விட்டு வெயில் வர மூன்று நாள் காத்திருந்தேன். பன்னிரண்டரைக்குப் பரணில் தெர்மாமீட்டர் முப்பத்தெட்டரை காட்டியது. நவம்பரில் இதற்குக் குறைவாக இருந்திருக்காது. மூன்று குழாய் பரணில், மூன்று குழாய் மண்பானைக்குப் பக்கத்தில். ஆறையும் நேராக ஐம்பதில் பத்து நிமிடம். தட்டில் தடவி இரண்டு நாள்.

பரண் குழாய் நூற்று எழுபத்தொன்று. பானைப் பக்கம் இருந்தது எட்டு.

நான்கு தடவை எண்ணினேன். நீ எழுதிய எண்கள் எல்லாம் சரி. முதல் மூன்று தடவையும் சரி, மேளா அன்றைக்கும் சரி. உன் ஈஸ்ட் உனக்காக உண்மையைத்தான் சொன்னது. பொய் சொன்ன ஆள் மேளாவில் உனக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

சார் உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மலையாளத்தில்தான். தனியாக வரும். முப்பத்தொன்றாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்று நானே ஸ்பீட் போஸ்டில் போட்டேன்.

உலகு


வள்ளியூர்
27 ஜூலை 2025

உலகு,

பதிமூன்றாம் தேதிக் கடிதம் பதினேழாம் தேதி என் கையில் இருந்தது. பதில் எழுத மனசில்லை என்பதுதான் உண்மை. அதைப் படித்த அன்றைக்கு ஜெயபாய் அக்கா கவரை என் கையில் வைத்துவிட்டு, ராத்திரி ஜெபத்துக்கு நான் வராததைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள்.

சின்னச் சூடு, பெரிய சூடு என்று எழுதியிருந்தாய். அதை நீ எழுதியிருக்கக் கூடாது. ஈஸ்டைச் சூடு பண்ணுவதற்கு முன்னால் நான் அதனிடம் கேட்கவில்லை, அது ஈஸ்ட். என்னிடம் நீ கேட்டிருக்கலாம். தங்கபாண்டியை மேலே ஏற்றிய மேஸ்திரியும் வெயில் பட்டால்தானே உடம்பு உறுதிப்படும் என்றுதான் சொன்னார். எவ்வளவு தாங்கும் என்று தாங்குகிற ஆள் சொல்ல வேண்டும்.

சாக்பீஸுக்கு நான் சிரித்தேன். புரளிக்கும் சிரித்தேன். ஐந்து மாதம் நான் திருடி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தேனே, பக்கத்து பெஞ்சில் அல்ல, அதே பெஞ்சில் இருந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் இன்னொன்றும் எழுத வேண்டும், இல்லையென்றால் நானும் கூரையைப் பார்த்த மாதிரி ஆகும். பதினெட்டாம் தேதி காலையிலேயே ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனேன். பயாலஜிக்கு மாற்றச் சொன்னேன். ஏன் இப்போது என்று கேட்டார்கள். காரணம் தெரிந்துவிட்டது மிஸ் என்றேன். அவர்கள் குரூப் மாறும் காரணத்தைக் கேட்கிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. ஆக, உன் நூற்று எழுபத்தொன்று வருவதற்கு முன்னாலேயே நான் மாறிவிட்டேன். சார் கடிதத்துக்கும் காத்திருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது யாருடைய மன்னிப்பும் இல்லை. தகரம், பன்னிரண்டே கால், அவ்வளவுதான்.

நேற்று வீட்டுக்குப் போனபோது சாரின் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்கு மலையாளம் நன்றாகப் புரியும், ஆனாலும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் உன்னைப் பற்றி ஒன்று கேட்டார்: "ஏட்டி, அந்தப் பிள்ள தானாவா சொன்னா, நீ கேட்டதுக்கப்புறம் சொன்னாளா?" கேட்டதற்கப்புறம் என்றேன். "ம்" என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "கேட்டதுக்கப்புறமும் சொல்லாதவன நெறயப் பாத்திருக்கேன்" என்றார்.

நம்மைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. சூடு போய்க் கொஞ்ச நேரத்தில் ஈஸ்ட் எல்லாவற்றையும் மறந்து பழையபடி ஆகிவிடும். எனக்கு அவ்வளவு சீக்கிரம் ஆகாது. அவசரப்படுத்தாதே.

நோட்டை அனுப்பு. எந்தப் பக்கத்தையும் கிழிக்காதே, எதையும் அடிக்காதே. நவம்பர் ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் கீழே ஆறு வரி காலியாக இருக்கும். நான் அப்படித்தான் விடுவேன், பின்னால் ஏதாவது தெரிய வந்தால் எழுதுவதற்கு.

ஜெபமலர்

கடிதத்தை மூடும்போது ஜெயபாய் அக்கா கேட்டார்கள், அடுத்த தடவையும் கருப்பட்டி வருமா என்று. நான் கேட்கவில்லை. அவர்கள் கேட்டார்கள்.


ஆரியசாலை
31 ஜூலை 2025

ஜெபா,

நோட்டு இத்துடன். நீ சொன்ன பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று நீ பார்க்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன் என்பதால், எழுதியதை இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

'9 நவம்பர் 2024, சனி. குழாய் 4, 5, 6 (பச்சை மூடி). பகல் 12.20 முதல் 1.35 வரை கீழ் அறையில் இல்லை. கடைப் பரணில், தகரத்தடியில். சூடு அன்று அளக்கப்படவில்லை. 19 ஜூலை 2025 அன்று அதே இடத்தில், அதே நேரத்தில் 38.5 டிகிரி. ஜெபமலருக்குத் தெரியாமல் எடுத்து வைத்தவளும், கேட்டபோது இல்லை என்று சொன்னவளும்: த. உலகம்மாள்.'

கருப்பட்டி பன்னிரண்டு. அக்காவுக்கு ஆறு, உனக்கு ஆறு. தனித்தனியாகக் கட்டிப் பெயர் எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் எதுவும் ஒளித்து வைக்கவில்லை.

த. உலகம்மாள்